காத்மாண்டு விமானத்தில் ஜன்னல் சீட்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும்போது இமயமலை இடது பக்கம் தெரியும். இது பலருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் ‘ஏ’ சீட்டைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். அதே கையோடு திரும்பி வருவதற்கும் ‘ஏ’ போட்டுவிட்டு, வழி நெடுக கங்கைச் சமவெளியின் புழுதி மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். மலை இருப்பது வடக்கே. கிழக்கு நோக்கிப் போனால் அது இடது, மேற்கு நோக்கித் திரும்பினால் வலது. ஆகவே திரும்பும்போது ‘எஃப்’. காத்மாண்டிலிருந்து பொக்காரா போவதும் மேற்கே என்பதால் அதற்கும் வலது பக்கம்தான்.

பக்கம் சரியாக அமைந்தும் இறக்கையில் மாட்டிக்கொள்வது அடுத்த தவறு. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானங்களில் ஏறக்குறைய பத்தாம் வரிசையிலிருந்து இருபது வரை இறக்கைதான் காட்சி. அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் கால் நீட்ட நல்ல இடம் உண்டு என்று கூடுதல் பணம் கட்டி ஒருமுறை உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே வெள்ளைத் தகடு. அதன் விளிம்புக்கு மேலே தௌலகிரியின் உச்சி மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு எட்டிப் பார்த்தது. 8,167 மீட்டர் மலைக்கு அந்தக் கதி! சரி, கால் மட்டும் சுகமாக இருந்தது.

இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கண்ணுக்குக் குறையில்லை. ஆனால் என்ஜினிலிருந்து வரும் சூட்டுக் காற்று அலையலையாக ஆடுவதால், கீழ்நோக்கி எடுக்கும் படங்கள் கலங்கிப் போகும். படம் முக்கியம் என்றால் முன்பக்கம் போய்விடுங்கள். ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் தரை தாராளமாகத் தெரியும்.

ஜன்னல் சீட் என்று காசு வாங்கிக்கொண்டு ஜன்னலே இல்லாத சுவரைக் கொடுப்பதும் நடக்கிறது. போயிங் 737-800இல் இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறிப் போகும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. அது எத்தனையாவது வரிசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிவு செய்யும் முன் அந்த விமானத்தின் இருக்கைப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

எவரெஸ்ட்டுக்காகக் காத்திருப்பது இன்னொரு ஏமாற்றம். அது காத்மாண்டுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டெல்லியிலிருந்து வருபவருக்கு முதலில் கிடைப்பவை தௌலகிரி, அன்னபூர்ணா, அப்புறம் மனாஸ்லு. மூன்றுமே 8,000 மீட்டரைத் தாண்டியவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. எவரெஸ்ட்தான் வேண்டும் என்றால் டெல்லியிலிருந்து மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவுக்கோ, காத்மாண்டிலிருந்து பூட்டானின் பாரோவுக்கோ போகும் விமானத்தில் இடது பக்கம் உட்காருங்கள். கஞ்சன்ஜங்காவும் சேர்ந்து கிடைக்கும்.

எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் எந்த நேரம் என்பதை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சீட்டைவிட அதுதான் பெரிது. பகல் ஏற ஏற மலை மேல் மேகம் கட்டிவிடும், அதனால் காலை விமானமே நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். எந்த ஜன்னலும் உதவாது. அக்டோபர், நவம்பரில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் இடது ஜன்னலில் கண் கூசாது, வெளிச்சம் நேராகப் பனியில் விழும்.

படம் எடுக்க, கேமராவில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். விமான ஜன்னல் கண்ணாடியல்ல, அக்ரிலிக். போலரைசர் வழியாகப் பார்த்தால் வானவில் திட்டுகள் தெரியும். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் குட்டித் துளையைச் சுற்றிப் பனிப்பூ படரும், அதற்கு மேலே குறிவையுங்கள். உள்ளே எரியும் விளக்கு பிரதிபலித்தால் ஒரு கறுப்புத் துண்டோ சால்வையோ போர்த்திக்கொண்டால் போதும். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இத்தனையும் பார்த்து இடது பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். காத்மாண்டில் இறங்க இடம் கிடைக்காமல் விமானம் வட்டமடிக்க ஆரம்பிக்கும். ஒரு பாதி வட்டத்தில் மலை முழுக்க வலது ஜன்னலுக்குப் போய்விடும். எந்த யோசனையும் இல்லாமல் ‘எஃப்’பில் வந்து உட்கார்ந்தவர் அப்போதுதான் தூக்கம் கலைந்து, “அடேயப்பா!” என்பார்.