"வாட்டம் பாத்தீங்களா?": வீட்டு வேலையை நாமே செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற வழியில் எங்கள் வீடு. முன்பாதி கான்கிரீட் தளம். சமையல்கட்டும் தானிய அறையும் இருக்கும் பின்பாதி, மாமனாரின் அப்பா கட்டிய கல்வீடு. சுவரும் கல், கூரையும் கற்பலகை. ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்று, மூன்று வருடமாக லீவு நாட்களில் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சின்னச் சின்ன வேலைகளை நாங்களே செய்துவருகிறோம். மிச்சம் பிடித்தது உண்டு. மிச்சம் பிடித்ததைவிட இரண்டு மடங்கு கொடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டதும் உண்டு.

அவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏம்மா, வாட்டம் பாத்தீங்களா?" தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடும் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். கெட்டுப்போன எங்கள் வேலைகளை எண்ணிப் பார்த்தால், கைத்திறன் போதாமல் கெட்டது கொஞ்சம்தான். தண்ணீர் எங்கே போகும், எங்கே தேங்கும், எதைக் கரைத்துக்கொண்டு வரும் என்று யோசிக்காமல் கெட்டதே அதிகம்.

புழக்கடையில் கண்ணாடி

முதலில் கைவைத்தது புழக்கடையில். துவைக்கிற கல்லிலிருந்து சமையல்கட்டு வாசல் வரை மழை வந்தால் செம்மண் சேறு. கிரானைட் பட்டறையில் ஓரம் உடைந்த பாலிஷ் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்? இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் பதித்து முடித்துவிட்டோம். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

ஐப்பசியில் முதல் பெருமழை. தண்ணீர் வெளியே ஓடாமல் நேராகச் சமையல்கட்டுச் சுவரை நோக்கி வந்து அங்கேயே நின்றது. பத்து நாளில் உள்பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த தரை, வீட்டுப் பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தது.

திறந்தவெளித் தரைக்கு, சுவரிலிருந்து வெளியே பார்த்தபடி 10 அடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் வரை வாட்டம் வேண்டும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. முப்பது அடிக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்பினால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து இரண்டு பக்கமும் குறி போட்டு, வெளிமுனைக் குறியை மட்டும் வேண்டிய அளவு இறக்கி நூல் கட்டினால் வாட்டம் வந்துவிடும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதைத் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். எட்டாவது படிக்கும் எங்கள் சின்னவளுக்கு இந்த வேலையை ஒருதரம் காட்டிக் கொடுத்தோம். இப்போது அவள் குறி போட்டால் மேஸ்திரியே சரிபார்ப்பதில்லை.

இன்னொரு தவறு அதைவிட வலித்தது. சோப்புத் தண்ணீர் பட்டால் பாலிஷ் கல் பாசிக்கல்லாகிவிடும். அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. இதில் என்னை அறைந்துகொள்ள வைத்தது என்னவென்றால், அதே கற்களைத் திருப்பிப் போட்டிருந்தால் போதும். பாலிஷ் ஏறாத அறுத்த பக்கம் சொரசொரப்பானது. கடைசியில் அப்படியேதான் பெயர்த்துத் திருப்பிப் பதித்தோம். பெயர்க்கும்போதுதான் தெரிந்தது, அடியில் கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்காததால் பாதிக் கற்கள் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமைச் சிமெண்ட்

லீவு நாளில் வேலை செய்கிற குடும்பங்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஞாயிறு சாயந்திரம் பூசி முடித்து, குளித்து, அழகு பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். திங்கட்கிழமை ஆளுக்கொரு பஸ் பிடித்துக் கிளம்பிவிடுகிறோம். பூசின இடம் வெயிலில் தனியாகக் காய்கிறது.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்தத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விட்டால், வினை பாதியில் நின்று மேற்பரப்பு மாவாகிவிடும். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கிற, நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) ரகத்துக்கு 10 நாள் ஈரம் காய விடக்கூடாது. எங்கள் துவைக்கிற தொட்டி வெடித்தது இதனால்தான். இப்போது பூசின இடத்தில் கோணிப்பையை நனைத்துப் போட்டுவிடுகிறோம். காலையில் கிளம்பும் முன் ஒரு குடம், திரும்பி வந்ததும் ஒரு குடம். சுவராக இருந்தால் சாக்கை ஆணியில் தொங்கவிடலாம். தண்ணீர் விட ஆள் இல்லாத வாரம் என்றால் பூச்சு வேலையைத் தொடாதீர்கள். மரவேலையோ செடிவேலையோ பாருங்கள்.

கலவையிலும் தண்ணீர்தான் வில்லன். கரண்டிக்கு இதமாக இழுக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றுவோம். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் என்பது கான்கிரீட்டுக்கு நல்ல அளவு. அதைத் தாண்ட தாண்ட வலு இறங்கும். ஒரேயடியாகக் குழைத்து வைத்துவிட்டு, டீ குடித்து வந்து பார்த்தால் இறுகியிருக்கும். மறுபடி தண்ணீர் தெளித்துக் கிண்டினால் இளகியது போலத் தெரியும், ஆனால் அது செத்த கலவை. அரைமணி நேரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் குழைப்பதே சரி. கல்லை உடைத்துச் செய்கிற மணலில், பூச்சுக்கு எம்-சாண்ட் வேண்டாம், பி-சாண்ட் கேளுங்கள். அது இன்னும் நைசானது. கையுறை போடாமல் சிமெண்டைத் தொட்டுக் கை வெந்துபோனது பெரியவனுக்கு. சிமெண்ட் கடும் காரம், வெறும் தூசு இல்லை.

கல்கூரையில் ஒட்டாத சிமெண்ட்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கற்பலகைகளை வரிசையாக அடுக்கி, இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்திருப்பார்கள். எங்கள் சமையல்கட்டில் ஓர் இடுக்கு ஒழுக ஆரம்பித்தது. பழைய காரையைச் சுரண்டிவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் ஒழுகாது" என்று வீட்டுக்காரர் சிமெண்டைக் கெட்டியாக அடைத்தார். ஒரே கோடை. மறு மழைக்கு அதே இடுக்கில் முன்பு ஒரு சொட்டு விழுந்த இடத்தில் மூன்று சொட்டு.

பகல் வெயிலில் கல் விரியும், ராத்திரி சுருங்கும். சுண்ணாம்புக் காரை அந்த அசைவுக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். சிமெண்ட் விறைப்பு, கல்லை விட்டு மயிரிழை பிரிந்துவிடும். மழைக்கு அந்த மயிரிழை போதும். சிமெண்டையெல்லாம் உளியால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புதான் அடைத்தோம். பழைய வீட்டைப் புதுச் சாமானால் திருத்தப் போகும்போது, அதைக் கட்டியவர்கள் எதைப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று ஒருமுறை யாரையாவது கேட்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் மாமா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள்தான் கேட்கவில்லை.

முன்பாதியின் கான்கிரீட் மாடியில் செய்த தவறு வேறு. விளம்பரத்தைப் பார்த்து வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் வாங்கி, விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடித்தோம். அடுத்த வருடம் தோல் உரிவது போல உரிந்தது. தூசும் பாசியும் இருக்கிற இடத்தில் பெயிண்ட் தூசில்தான் ஒட்டும், தளத்தில் ஒட்டாது. கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கீறி அடைத்த பிறகுதான் பெயிண்ட். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலைதான் பெரும்பாலும் ஒழுகும். அந்த மூலையைச் செங்கோணமாக விடாமல் உருட்டிப் பூச வேண்டும். மாடியில் தண்ணீர் குளம் கட்டுகிறது என்றால் எந்தப் பெயிண்டாலும் பயனில்லை, முதலில் வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் பையைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

அந்த மாடியில் விழுகிற மழையை நாங்கள் ரொம்ப நாள் சும்மா விட்டோம். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் வடிகட்டாமல் குழாயை நேராக போர்வெல்லுக்குள் விடுவது தவறு, இலையும் மண்ணும் எச்சமும் சேர்ந்து இறங்கும். ஜல்லி, மணல் போட்ட உறிஞ்சுகுழி வழியாக விடுங்கள். அந்தக் குழி வீட்டுக் கடைக்காலையோ செப்டிக் டேங்கையோ ஒட்டி இருக்கவும் கூடாது.

உப்புத் தண்ணியும் ஒகேனக்கல் தண்ணியும்

இங்கே போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளை அடைத்துக்கொள்ளும், ஷவரில் பாதி ஓட்டைதான் வேலை செய்யும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவது பலரும் செய்வது. குழாயின் பளபளப்பு போய்விடும், டைல்ஸ் இடுக்கும் அரித்துவிடும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ துணியை நனைத்து ராத்திரி சுற்றிவைத்தால் காலையில் உப்பு இளகியிருக்கும். கிரானைட் மேடைக்கு அவ்வளவு பயமில்லை, மார்பிளாக இருந்தால் எலுமிச்சையும் கறையாக்கும். ஆசிட் ஊற்றின இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இதைவிட முக்கியமான தவறு கண்ணுக்குத் தெரியாதது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் பாதிப்பும் அதனால் வருபவை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்காரர் புது பைப் இழுக்கும்போது, வசதியாக இருக்கட்டும் என்று ஒகேனக்கல் லைனையும் போர் லைனையும் ஒரே தொட்டியில் சேர்த்துவிட்டார். நல்ல தண்ணீர் வந்த பலனே போயிற்று. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃபுளூரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அது கெட்டிப்படும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இப்போது குடிக்கிற தண்ணீருக்குத் தனி தொட்டி, தனிக் குழாய்.

ஆர்.ஓ. மெஷின் தள்ளுகிற கழிவுநீரைத் தோட்டத்துக்கு விட்டுவிடலாம் என்பதும் எங்கள் யோசனைதான். உப்பெல்லாம் திரண்டு வருவது அதில். கறிவேப்பிலை நுனி கருகியது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் நடும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். முருங்கையைச் சுவரோரம் வைக்காதீர்கள். கிளை சொல்லாமல் முறியும், கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரும். மா ஒட்டுச்செடியில் ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். நாங்கள் ஆசையாக விட்டு வளர்த்த கிளை நாட்டுமாவாகப் போய், வாங்கி நட்ட செந்தூரா சோர்ந்துவிட்டது. குழி தோண்டப் பாறை தட்டினால் இடத்தை மாற்றுங்கள். பாறைக் கிண்ணத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகும்.

கை வைக்கக் கூடாதவை

பல்பு மாட்டலாம், ஃபேன் கழுவலாம். புழக்கடை மோட்டாருக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியே இழுத்து ஈரத்தில் போட்டிருந்தோம். ஒருநாள் பெரியவனுக்கு ஷாக் அடித்தது. நல்ல நேரம், செருப்பு போட்டிருந்தான். அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரிபார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சம்ப். போன வருடம் தரைக்கடியில் புதுத் தொட்டி கட்டினோம். மூடித் தளம் போட்டு மூன்று வாரம் கழித்து, உள்ளே இறங்கி, தளத்தைத் தாங்கக் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க வேண்டும். புதுத் தொட்டிதானே, கழிவு எதுவும் இல்லையே என்று வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். மேஸ்திரி சத்தம் போட்டுத் தடுத்தார். மூடிய ஈர இடத்தில் பலகை ஊறி அழுகும்போது உள்ளிருக்கும் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். இறங்கினவர் மயங்க, தூக்கப் போனவரும் விழுவது இப்படித்தான். விளக்கு இறக்கிப் பார்ப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, விஷவாயு இருந்தால் விளக்கு சொல்லாது. செப்டிக் டேங்க் என்றால் யாரும் இறங்கவே கூடாது, இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். மேஸ்திரி இரண்டு மூடியையும் திறந்து இரண்டு நாள் விட்டார். பிறகு ஃபேன் வைத்து மணிக்கணக்கில் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டிய பழகின ஆளை இறக்கி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேலையை முடித்தார். இந்த மூன்று வருடத்தில் வீட்டுக்காரர் பேரம் பேசாமல் கொடுத்த கூலி அது ஒன்றுதான்.