விண்கல்லில் உயிர் தேடுவோர் விடும் பிழைகள்

வயல் உழும்போது கறுத்த, பாரமான கல் ஒன்று தட்டுப்பட்டால், கழுவித் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். "சேர், இது விண்கல்லா? இதுக்குள்ள உயிர் இருந்திருக்குமா?" அருமையான கேள்வி. விடை தேடும் அவசரத்தில்தான் பிழை விடுகிறோம்.

முதலாவது உயிரையே பறிக்கக்கூடிய பிழை. எங்கள் மண்ணில் கிடக்கும் உலோகத் துண்டு வானத்திலிருந்து வந்ததைவிட, யுத்தத்தின் மிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இனந்தெரியாத எதையும் தோண்டவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம். விலகி வந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

கல்தான் என்று உறுதியானால், உடனே காந்தத்தைத் தேடாதீர்கள். இரும்பை உருக்கும்போது கழிவாக மிஞ்சும் பழைய இரும்புக் கிட்டமும் காந்தத்தில் ஒட்டும். பலமான காந்தம் பட்டால், உண்மையான விண்கல் காத்துவைத்திருக்கும் ஆதிகாலக் காந்தப் பதிவு அழிந்துபோகும். கண்ணால் பாருங்கள்: உள்ளே குமிழித் துவாரங்கள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் கிட்டம்தான்.

அடுத்தது, உள்ளே தெரிவதெல்லாம் வானத்திலிருந்து வந்தது என்று எண்ணுவது. இதற்கு எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012 டிசம்பரில் பொலன்னறுவை மாவட்டத்தில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் டயற்றம் என்ற நுண்பாசியின் புதைபடிவங்கள் இருப்பதாக, 2013 ஜனவரியில் வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் அறிவித்தார்கள். மற்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அவை பூமியின் நன்னீரில் வாழும் வகைகள். அந்தக் கல் விண்கல் என்பதே நிறுவப்படவில்லை. குளக்கரைக் கல்லில் வழுக்கும் பழுப்புப் பாசியைக் கொஞ்சம் சுரண்டி, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் வையுங்கள். கண்ணாடியில் செதுக்கிய வள்ளம்போல, வரி வரியாகக் கோடுகளோடு டயற்றங்கள் மிதக்கும். குளத்து நீர் பாயும் வயலில் கிடந்த கல்லின் வெடிப்புகளுக்குள் அவை புகுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

உருவத்தை மட்டும் நம்புவதும் பிழை. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து, அந்தாட்டிக்காவில் 1984இல் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற விண்கல்லில் புழுப்போன்ற வடிவங்கள் இருப்பதை 1996இல் நாசா ஆய்வாளர் டேவிட் மெக்கே குழுவினர் காட்டி, அவை ஆதி உயிரின் தடயமாக இருக்கலாம் என்றார்கள், உலகமே பரபரத்தது. ஆனால் அவற்றில் பல 100 நனோமீற்றர் அளவுதான். சாதாரண பற்றீரியா ஏறத்தாழ 1000 நனோமீற்றர். உயிரில்லாமலும் அத்தகைய வடிவங்கள் உருவாகும் என்பதால் அந்த முடிவைப் பெரும்பாலானோர் ஏற்கவில்லை.

சேதனப் பொருள், அதாவது காபன் சேர்ந்த பொருள், இருந்தால் உயிர் இருந்தது என்பதும் அப்படித்தான். 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில், புரதங்களைக் கட்டும் வகைப் பொருள்களான அமினோவமிலங்கள் ஏராளம். அவற்றில் பலவும் எங்கள் இரு கைகள்போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கும். உயிர்கள் புரதங்களில் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே பயன்படுத்த, அங்கே பலவற்றில் இடக்கை, வலக்கை வடிவங்கள் கிட்டத்தட்டச் சரிபாதி. அது வெறும் இரசாயனத்தின் கைவேலை.

பத்திரமாக மூடிவைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ரியுகு சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2020இல் மிகுந்த கவனத்தோடு கொண்டுவந்த மண்ணின் ஒரு துணிக்கையிலேயே, இங்கு கையாளப்பட்ட பிறகு பூமியின் நுண்ணங்கிகள் பரவியிருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வுகூடங்களுக்கே அந்த நிலை என்றால் எங்கள் சேற்று வயலைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

ஆகவே பிள்ளைகளே, கல்லைக் கழுவவேண்டாம். வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றுங்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, அதற்குக் கீழிருந்த மண்ணிலும் ஒரு பிடி தனியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். கல்லில் தெரிவது அந்த மண்ணிலும் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கப்போகிறோம்.