சிறிய காருக்கு மாற்று டயர்: அளவில் நேரும் தவறுகள்

வளைவில் டயர் எங்கோ உரசுகிறது, வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுகிறது என்று சொல்லி வீல் அலைன்மெண்டுக்கு வரும் சிறிய கார்கள் பலவற்றில் கோளாறு அலைன்மெண்டில் இருப்பதில்லை. புதிதாகப் போட்ட டயரின் அளவில்தான் இருக்கிறது. முதன்முறையாக டயர் மாற்றுபவர்கள், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகளைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மொட்டை டயரில் ஓட்டாதீர்கள், தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடு எண்ணை மறந்துவிட்டு அகலத்தை மட்டும் மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மாருதி ஸ்விஃப்ட் காரையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த மாடலின் கீழ்நிலை வகைகளில் 165/80 ஆர்14 டயரும், மேல்நிலை வகைகளில் 185/65 ஆர்15 டயரும் நிறுவனத்தாலேயே பொருத்தப்பட்டன. கீழ்நிலை வகையை வைத்திருப்பவருக்கு, மேல்நிலை வகையின் அகலமான டயர் மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் 15 அங்குல அலாய் வீலுக்குத் தனியாகச் செலவு செய்ய மனம் வராது. எனவே இருக்கிற 14 அங்குல ரிம்மிலேயே 185/65 போட்டுவிட்டால் போதும் என்று அவர் முடிவு செய்கிறார். அந்த அளவு கடையில் இருப்பு இருந்தால் கடைக்காரரும் மறுப்பதில்லை.

இதில் எங்கே தவறு என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். 165/80 ஆர்14 என்பதில் 165 டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் உள்ள 80 அல்லது 65 என்பது மில்லிமீட்டர் அல்ல. டயரின் பக்கச்சுவர் உயரம், அதன் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும் எண். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களுக்கு 264 மி.மீ.; அதனுடன் 14 அங்குல ரிம்மின் 355.6 மி.மீ. சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. மேல்நிலை வகையின் 185/65 ஆர்15 டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 621.5 மி.மீ. வரும். இரண்டு அளவுகளுக்கும் இடையே 2 மி.மீ. கூட வேறுபாடில்லை. அகலத்தைக் கூட்டி, பக்கச்சுவரைக் குறைத்து, ரிம்மை ஓர் அங்குலம் பெரிதாக்கி, மூன்றையும் சேர்த்தே நிறுவனம் மாற்றியிருக்கிறது. நம் ஆள் ரிம்மை மாற்றாமல் முதல் இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டதால், அவருடைய டயரின் விட்டம் 596 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது.

ஏறத்தாழ 4 சதவீதக் குறைவு என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கார் முழுவதும் சுமார் 12 மி.மீ. கீழே இறங்கிவிடும். ஸ்விஃப்டின் தரை இடைவெளியே 163 மி.மீ. தான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு, அளவில்லாமல் கட்டப்பட்ட நம்மூர் வேகத்தடைகளில் அந்த 12 மி.மீ. எங்கே போனது என்பது காதில் விழும்.

இந்தத் தவறு உடனே பிடிபடாமல் போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சிறிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமான சுற்றுகள் சுற்றுவதால், வண்டி 96 கி.மீ. வேகத்தில் போகும்போதே, முன்பு 100 கி.மீ. வேகத்தில் காட்டிய எண்ணை மீட்டர் காட்டும். பிக்கப் சற்றுக் கூடியதுபோலவும் இருக்கும். திருப்பூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் கூடியிருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். மைலேஜ் கூடவில்லை, 9,620 கி.மீ. ஓடியதை மீட்டர் 10,000 என்று எண்ணிக்கொண்டிருந்தது. டேப்பை எடுத்து, தரையிலிருந்து டயரின் உச்சி வரை அவருடைய காரையும், பக்கத்தில் நின்ற இன்னொரு ஸ்விஃப்டையும் அளந்து காட்டிய பிறகுதான் நம்பினார். "கடையில் எல்லாருக்கும் இதைத்தான் போடுகிறோம் என்றார்களே சார்" என்பதே அவருடைய பதில். ரிம்மில் ஏற்றி ஓட்டிய டயரை எந்தக் கடைக்காரரும் முழு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். நான்கு டயரின் விலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

14 அங்குல ரிம்மிலேயே அகலம் வேண்டும் என்றால் அவர் கேட்டிருக்க வேண்டியது 185/70 ஆர்14. அதன் விட்டம் 614.6 மி.மீ.; குறைவு ஒரு சதவீதத்திற்கும் கீழே. தொழிலில் 3 சதவீதம் வரை வேறுபாடு பரவாயில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறிய காரில் 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

எதிர்த் திசையிலும் இதே தவறு நடக்கிறது. 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5 மி.மீ. ஆகி, 2 சதவீதம் கூடிவிடுகிறது. 10 மி.மீ. அகலம்தானே கூடுகிறது என்று கேட்பவர்கள், நடு எண் சதவீதம் என்பதால் உயரமும் சேர்ந்து கூடுவதைக் கவனிப்பதில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது மட்கார்டின் உட்புறத்தில் உரசல் கேட்கலாம். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகவே செலவாகும்.

ரிம்மின் அகலத்தைப் பார்க்காமல் டயர் வாங்குவது

ரிம்மில் 5 ஜே அல்லது 5.5 ஜே என்று பொறித்திருப்பார்கள். அது அங்குலத்தில் ரிம்மின் அகலம். 195/65 டயருக்குக் குறைந்தது 5.5 அங்குல ரிம் வேண்டும். அதை 5 அங்குல ரிம்மில் ஏற்றினால் ஏறத்தான் செய்யும். ஆனால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, டயரின் நடுப்பகுதி உப்பி, தரையில் படும் நடுப் பட்டன்கள் (ரப்பர் கட்டைகள்) மட்டும் முதலில் தேய்ந்துவிடும்.

சுமைக் குறியீட்டைக் கண்டுகொள்ளாமல் இருப்பது

அளவுக்குப் பின்னால் 85டி (85T), 88எச் (88H) என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. 82 என்றால் 475 கிலோ மட்டுமே. டி என்பது 190 கி.மீ., எச் என்பது 210 கி.மீ. வேக வரம்பு. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

முன்னால் ஓர் அளவு, பின்னால் வேறு அளவு

சிறிய காரில் கூடாது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டே வேலை செய்கிறது.

டயரில் எழுதிய காற்றழுத்தத்தை நம்புவது

44 அல்லது 51 பிஎஸ்ஐ என்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. நிறுவனம் ஒப்புக்கொண்ட டயர் அளவுகளும் அங்கேயே இருக்கின்றன.

ஸ்டெப்னியைக் கணக்கில் சேர்க்காதது

அலாய் வீல் உள்ள சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி ஓர் அங்குலம் சிறிய இரும்பு ரிம்மில் வருகிறது. 185/65 ஆர்15 ஓடும் காரில் 165/80 ஆர்14 ஸ்டெப்னி இருந்தால், மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்லச் சிக்கலில்லை. நான்கையும் 195/65 ஆர்15 ஆக மாற்றியவரின் காரிலோ, அதே ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட 15 மி.மீ. சிறியது. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் அதை முன்னால் மாட்டினால், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரென்ஷியல், நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே முன்டயர் பஞ்சரானால், நல்ல பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டும். அதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கியை இரண்டு இடங்களில் ஏற்றி இறக்க வேண்டும்.