149 ரூபாயில் 'டார்க்': ஒரே மாதத்தில் பார்த்து முடிப்பது எப்படி?

கையில் காசு ஓடாத மாதத்தில்தான் ஊரே ஒரு தொடரைப் பற்றிப் பேசும். எனக்கு அப்படி வந்தது 'டார்க்'. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். இதுவரை போனில் தொடர் பார்த்திராதவர்களும் செய்யலாம்.

முதலில் கணக்கு

2017-இல் தொடங்கி 2020-இல் முடிந்துவிட்ட ஜெர்மன் தொடர் இது. சீசன்வாரியாக 10, 8, 8 என மொத்தம் 26 பகுதிகள். நாளைக்கு ஒன்று பார்த்தாலும் முப்பது நாளில் நாலு நாள் மிஞ்சும். காசு குறைவென்றால் முடிந்த தொடரைத்தான் தொட வேண்டும். அடுத்த சீசன் எப்போது என்று சந்தா கட்டிக்கொண்டு காத்திருக்க நமக்கென்ன வட்டிப் பணமா வருகிறது?

சந்தா

நெட்ஃபிளிக்ஸில் மொபைல் பிளானை எடுங்கள். 2021 டிசம்பரில் 199-லிருந்து 149 ரூபாயாகக் குறைத்தார்கள்; கட்டும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு போன், 480பி தரம், டிவியில் வராது. போதும்.

பணம் கட்டிய அன்றே கணக்கு அமைப்புக்குள் போய் ரத்து செய்துவிடுங்கள். பயப்படாதீர்கள், கட்டிய மாதம் முடியும்வரை படம் ஓடும். முன்பு வேறொரு செயலியில் இதைச் செய்ய மறந்து, ஆட்டோபே மூன்று மாதம் காசை உருவியது எனக்கு.

டவுன்லோடு

எங்களுடையது பங்கு வீடு, பங்காளிகள் ஆளுக்கொரு பங்காக வைத்திருக்கும் பழைய பெரிய வீடு. வளவுக்குள் எங்களுக்கு ஓர் அறை. ரெண்டடிச் சுவரைத் தாண்டி சிக்னல் வராது. முகப்புத் திண்ணையில் கிழக்குத் தூண் பக்கம் நின்றால் ரெண்டு கோடு காட்டும். தினசரி டேட்டா பேக்கில் மிஞ்சுவது நள்ளிரவோடு காலி. அதனால் ராத்திரி பதினொன்றரைக்குப் போனோடு அந்தத் தூணடிக்குப் போவேன். நாளைய பகுதி மிச்ச டேட்டாவில் இறங்கிவிடும். செயலி அமைப்பில் டவுன்லோடு தரத்தை 'ஸ்டாண்டர்ட்' என்றும், 'வைஃபை மட்டும்' என்பதை அணைத்தும் வையுங்கள். இல்லாவிட்டால் விடியவிடியத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நோட்டு

இதை விட்டால் மூன்றாம் பகுதியிலேயே தொலைந்துபோவீர்கள். விண்டன் என்றொரு ஊர். கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன் என நாலு குடும்பம். 1953, 1986, 2019 என 33 வருட இடைவெளியில் கதை. ஒரே ஆள் ஒரு காலத்தில் பையன், இன்னொரு காலத்தில் கிழவன். நோட்டில் குடும்பத்துக்கு ஒரு பத்தி, வருடத்துக்கு ஒரு வரிசை என்று கட்டம் போட்டு, பெயர் வர வர நிரப்புங்கள்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்த அப்பத்தா, "யாருக்கடா பொண்ணு பாக்குறே?" என்றார்கள். கதையைச் சொன்னேன். எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் புள்ளி என்று மூன்று தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள், விரலை ஒரு கட்டத்தில் வைத்து, "இவுகளுக்கு அப்பச்சி யாருன்னு எழுதலியே?" என்றார்கள். அந்த அப்பா யார் என்பதைத்தான் அடுத்த பகுதிகளில் தேடினேன்.

பார்ப்பது

ஒலி ஜெர்மனிலேயே இருக்கட்டும், சப்டைட்டில் போடுங்கள். பத்து வினாடி பின்னே போகும் பொத்தானுக்குக் கூச்சப்படாதீர்கள். தேன்குழலைத் தாராளமாக நொறுக்கலாம். பேச்சு எப்படியும் புரியப்போவதில்லை. சிறுபிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தொடர் அல்ல.

ஒவ்வொரு பகுதியும் கடைசி நிமிடத்தில் ஒரு கொக்கியை மாட்டும். அங்கே நிறுத்தினால் தூக்கம் வராது, அடுத்ததையும் போட்டு டேட்டா காலி. முடிவுக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்திவிட்டு, அந்த மிச்சத்தை மறுநாள் முதலில் பாருங்கள்.

மீதி நாலு நாளில் முதல் பகுதியை மறுபடி ஓட்டுங்கள். தொடக்கத்தில் ஒரு சுவர் முழுக்கப் புகைப்படங்கள் வரும். போனை அங்கே நிறுத்தி, நோட்டை விரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் வைத்துப் பாருங்கள்.