சுவரில் ஈரம் ஏறுகிறதா? சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு பூசுங்கள்

பினாங்கு டத்தோ கெராமாட்டில் தாத்தா வாங்கிய வீட்டை நானும் தம்பியும் வார இறுதிகளில் சரிசெய்து வருகிறோம். பெயிண்ட், ஓடு எல்லாம் பிறகு. முதலில் கீழ்ச்சுவரின் ஈரத்தைப் பாருங்கள்.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை; இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பெயிண்ட் உரியும். ஆகவே சிமெண்ட் பூச்சை உளியால் மெதுவாகத் தட்டி எடுங்கள், செங்கல் உடையக் கூடாது. வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் சில வாரங்கள் காற்றாடக் காயட்டும்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. சுவரை நனைத்துவிட்டு 10 மில்லிமீட்டர் கனத்துக்குள் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். அடுத்த பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பொறுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி ஏது! சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மேலே எமல்ஷன் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

வயரிங்கை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் வட்டாரத்துக்குள் வீடு இருந்தால், உளியை எடுக்கும் முன்பே மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.