ஜெட் ஸ்கீ எஞ்சின்: டூ-ஸ்ட்ரோக்கிலும் கம்ப்யூட்டர் வண்டியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், அரியமான், தூத்துக்குடி என்று கடற்கரைப் பக்கம் ஓட்டுவதற்காகச் செகண்ட் ஹேண்டில் ஜெட் ஸ்கீ தேடும் மதுரைக்காரர்கள் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார்கள். "பழைய டூ-ஸ்ட்ரோக் வாங்கினால் நம்ம மெக்கானிக்கே பார்த்துவிடுவார். கம்ப்யூட்டர் வண்டி என்றால் லேப்டாப்போடு ஆள் தேட வேண்டும்." இதில் பாதிதான் சரி. டூ-ஸ்ட்ரோக்கைப் பிரிப்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். கம்ப்யூட்டர் வண்டியில், அதாவது பெட்ரோலையும் பொறியையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டியில், கை வைக்கவே முடியாது என்பது வெறும் பயம். ஒரு வகை எஞ்சினில் பழகிய பழக்கத்தை இன்னொரு வகையிடம் காட்டும்போதுதான் இரண்டுமே வீணாகின்றன.

கவாசாகி 1973இல் ஜெட் ஸ்கீயைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் இந்த வண்டிகளில் டூ-ஸ்ட்ரோக் ராஜ்ஜியம்தான். 1996இல் அமெரிக்கா படகு எஞ்சின் புகைக்கு விதிகள் போட்டது. 2002இல் யமஹா எஃப்எக்ஸ்140, சீ-டூவின் ஃபோர்-டெக், ஹோண்டாவின் அக்வாட்ராக்ஸ் என்று கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் இறங்கின. நின்றுகொண்டு ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட் மட்டும் 2020 வரை டூ-ஸ்ட்ரோக்காகவே தாக்குப்பிடித்தது, 2021 மாடலில் அதுவும் மாறிவிட்டது. நம் ரோட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்து பைக்குகளில் கார்புரேட்டரை ஓரங்கட்டிய கதைதான், கடலில் கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டது.

நடுவில் ஒரு ரகம் உண்டு. 2000ஐ ஒட்டி வந்த நேரடி இன்ஜெக்‌ஷன் டூ-ஸ்ட்ரோக், உதாரணமாக ஆர்பிட்டல் என்ற கம்பெனியின் முறையில் வந்த சீ-டூ டி.ஐ. வண்டிகள். டூ-ஸ்ட்ரோக்கின் தேய்மானம், கம்ப்யூட்டரின் சிக்கல், போதாததற்குப் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு காற்று கம்ப்ரசர். "டூ-ஸ்ட்ரோக்தானே" என்று நம்பி இதை வாங்கினால் இரண்டு பக்கத் தலைவலியும் சேர்ந்து வரும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஆர்எக்ஸ்100 கைப்பழக்கம்

டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஆர்எக்ஸ்100ம் பிரித்துப் பழகிய கைகளுக்கு மதுரையில் பஞ்சமில்லை. அந்த அனுபவம் பெரிய சொத்து, ஆனால் சறுக்குவதும் அங்கேதான். ஆர்எக்ஸ்100 எஞ்சின் 98 சிசி, 11 குதிரைத்திறன். பழைய சூப்பர்ஜெட் 701 சிசி, இரண்டு சிலிண்டர், 70 குதிரைத்திறனுக்குப் பக்கம். பைக்கை முழு ஆக்சிலரேட்டரில் திருப்பரங்குன்றம் ரோட்டில் எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? ஜெட் ஸ்கீயை எடுத்தவுடன் கடைசி வரை முறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டுகிறார்கள். தண்ணீரின் சுமை ஒரு நொடிகூட விடாது. பைக்கில் லேசாகத் திணறிக் காட்டிவிட்டு ஓடும் மெலிந்த கலவை (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) இங்கே பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டும் சேர்ந்துதான் உள்ளே போகின்றன. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது என்று பொருள்.

இதனால்தான் டிராலியில் நிறுத்தி, காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகிக் கார்புரேட்டர் ட்யூன் செய்வது தவறு. தண்ணீருக்கு வெளியே எஞ்சினுக்குச் சுமையே இல்லை, சத்தம் அழகாகத்தான் கேட்கும். தவிர, ஹோஸில் தண்ணீர் கொடுக்காமல் பதினைந்து நொடிக்கு மேல் ஓட விடக்கூடாது. ட்யூனிங்கைத் தண்ணீரில் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது, ஜாம் ஆன எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. பிஸ்டன் ஏன் ஜாம் ஆனது என்று கண்டுபிடிக்காமல் மூடினால் அடுத்த பிஸ்டனும் அதே வழியில்தான் போகும். கழற்றிய பிஸ்டனைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலையில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அல்லது டெட்டனேஷன் (கலவை ஒழுங்காக எரியாமல் வெடிப்பது). எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். பக்கவாட்டில் நான்கு மூலையிலும் நான்கு கோடாகச் சிராய்ப்பு இருந்தால் கதை வேறு: சிலிண்டர் சூடாகி விரியும் முன்பே பிஸ்டன் விரிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்த உடனே முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் லேத்தில் பைக் பிஸ்டனுக்கு விடும் இடைவெளியையே இதற்கும் விட்டிருப்பார்கள். பிஸ்டன் பெட்டியோடு வரும் தாளில் எவ்வளவு இடைவெளி என்று அச்சடித்திருக்கும். அந்தத் தாளை லேத் காரரிடம் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

லேத் என்றதும் இன்னொன்று. ஆர்எக்ஸ்100 சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ், அதாவது உள்குழாய். தேய்ந்தால் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று அகலமாகக் கடைந்து ஓவர்சைஸ் போர் போட்டுவிடலாம். ஜெட் ஸ்கீகளில் சிலவற்றுக்கு ஸ்லீவே கிடையாது, அலுமினியத்தின் மேல் நிக்கல் பூச்சு மட்டும்தான். அதைப் போர் போட்டால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும். திரும்பப் பூச வசதியான இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லை ஸ்லீவ் இறக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் காந்தத்தைச் சிலிண்டர் உள்சுவரில் வைத்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு என்றால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு கார்புரேட்டர் இருந்தால் இரண்டையும் பிரிக்க வேண்டும். "ஒன்றுதான் அடைத்திருக்கு" என்று விட்டால் விட்ட சிலிண்டர்தான் அடுத்து ஜாம் ஆகும். 1990களின் சீ-டூ வண்டிகளில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்ரோல் ஹோஸ் வந்தது. அது உள்ளுக்குள் கரைந்து பச்சைப் பிசினாக மாறி, கார்புரேட்டருக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சல்லடையை அடைக்கும். கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் ஹோஸை மாற்றாத வரை தீராது.

ஆயில் விஷயத்தில் எக்ஸ்எல் பழக்கம் இரண்டு விதமாகக் காலை வாரும். ஆயில் பம்ப் இருக்கும் வண்டியில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஓட்டுவது ஒன்று. முந்தைய ஓனர் பம்பைக் கழற்றிவிட்டார் என்று தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றுவது இன்னொன்று. இரண்டாவது நடந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் முடிந்தது. பம்ப் இல்லாத வண்டிக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, பரவலான கணக்கு. ஆனாலும் உங்கள் மாடலின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

கம்ப்யூட்டர் வண்டி என்றால்

இங்கே நடக்கும் பெரும்பாலான வேலை லேப்டாப் வேலையே அல்ல. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் கெட்டுப்போவது அபூர்வம். அதற்குப் போகும் கரன்ட்டும் எர்த்தும் கெடுவதுதான் வழக்கம். ஃபால்ட் கோட் (பழுதைக் குறிக்கும் எண்) வந்தால் "அந்த சென்சார் போச்சு" என்று படித்துக்கொண்டு சென்சாரை வரவழைப்பது பணத்தைக் கடலில் போடுவது. அந்த சர்க்யூட்டிலிருந்து வரும் கணக்கு சரியில்லை என்பதுதான் கோடு சொல்வது. சென்சார், வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் சாக்கெட்), எர்த் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். உப்புத் தண்ணீரில் ஓடும் வண்டிக்கு முதலில் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்துப் பூட்டினால் பாதி கோடுகள் திரும்ப வராது.

டெஸ்ட் லேம்ப் ஊசியை வயரின் மேலுறையில் குத்திக் கரன்ட் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஆட்டோவில் அந்தச் சின்ன ஓட்டை ஒன்றும் செய்யாது. கடலில் அதன் வழியாக உப்பு ஏறி, சில மாதத்தில் வயர் உள்ளேயே பொடியாகிவிடும், வெளியே பார்த்தால் புதுசாக இருக்கும். சென்சார் லைன் பலவற்றில் ஓடுவது 5 வோல்ட்தான், அதில் பல்பு போட்டு இழுப்பதும் நல்லதல்ல. ஒரு மல்டிமீட்டர் போதும், கப்ளரின் பின்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள்.

பேட்டரி இறங்கியிருந்தால் காரை ஓடவிட்டுக்கொண்டே அதன் பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போடாதீர்கள். பிளஸ்-மைனஸ் மாற்றிக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு ஃபியூஸோடு தப்பியிருக்கலாம், இதில் ஈசிஎம்மே போகலாம். பலவீனமான பேட்டரியோடு ஓட்டினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். எந்தக் கோடாக இருந்தாலும் முதலில் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

காருக்கு வாங்கிய ஸ்கேனரை இதில் மாட்டலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். சாக்கெட்டும் வேறு, பேசும் முறையும் வேறு. சீ-டூவுக்கு பட்ஸ், யமஹாவுக்கு ஒய்.டி.எஸ். என்று கம்பெனிக்கு ஒரு மென்பொருள். பழுதை நீக்க ஒருமுறையாவது அது தேவைப்படும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மென்பொருள் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சூடேறியது என்பதையும் காட்டிவிடும். பழைய டூ-ஸ்ட்ரோக்கில் விற்பவர் சொல்வதுதான் கணக்கு.

சூடானதும் "பீப்" அடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டால் எரிச்சல் வரும். பஸ்ஸரின் வயரை வெட்டிவிட்ட வண்டிகளும் உண்டு. கடலில் என்றால் பாசியோ வலை நூலோ, கண்மாய், அணை என்றால் ஆகாயத்தாமரை வேரோ அடியில் இருக்கும் சல்லடையை அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டு எடுங்கள். அதேபோல, கையில் கட்டும் கயிறு சுவிட்சை நேர் கொடுத்து ஓட்டுவது பழுது பார்ப்பதே அல்ல. ஆள் விழுந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள சீ-டூவில் ஒரு தனி எச்சரிக்கை. 2000களின் மாடல்களில் அதன் கிளட்சில் செராமிக் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்தால் தூள் ஆயிலோடு சேர்ந்து எஞ்சின் முழுக்கச் சுற்றிவரும். அதை 100 மணி நேர அளவில் பிரித்துப் பார்க்க வேண்டும். "நல்லாத்தானே ஓடுது" என்று தள்ளிப் போட்டால் முழு எஞ்சினுக்குச் செலவு.

தண்ணீர் குடித்த வண்டி

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு இதுதான்: அரியமானில் கவிழ்ந்து தண்ணீர் குடித்த வண்டியை "மதுரையில் பார்த்துக்கலாம்" என்று மறுநாள் ஏற்றி வருவது. டூ-ஸ்ட்ரோக்கின் கிராங்க் பேரிங்குகள் ஆயிலில் ஊறிக் கிடப்பதில்லை. உப்புத் தண்ணீரோடு ஒரு ராத்திரி போதும், துரு பிடித்துவிடும். முதலுதவி கரையிலேயே நடக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து (பெட்ரோல் ஆவி பறக்கும், ஒரு பொறி போதும்), ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்னதாக அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு உள்ளே ஆயில் விட்டு, முடிந்தால் அங்கேயே ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிளக் மாட்டியிருக்கும்போதே ஸ்டார்ட்டரை அழுத்தினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்துக்கு வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஒருமுறை மாற்றினால் போதாது, தெளிவாக வரும் வரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாக நிமிர்த்த வேண்டும் என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் புரட்டினால் புகைக்குழாயில் இருக்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். நின்றுபோன வண்டியைப் படகில் கட்டி வேகமாக இழுத்தாலும் அதேதான் நடக்கும். நடை வேகத்தில் இழுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டி முடித்து நல்ல தண்ணீரில் கழுவும்போது வரிசை முக்கியம்: முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். இதை மாற்றிச் செய்தே எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டவர்கள் இருக்கிறார்கள், கடலே தேவையில்லை.

ஐப்பசி மழையில் நிறுத்திய வண்டியைத் தை பிறந்ததும் அப்படியே எடுப்பதும் வேண்டாம். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படியும். பழைய கார்புரேட்டரின் ரப்பர் டயாஃபிரத்தையும் அது விட்டுவைக்காது. நிறுத்தும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால்: சொந்தமாக ஒன்று, பக்கத்தில் நல்ல மெக்கானிக்கும் லேத்தும், நேரமும் இருந்தால் வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக். வாடகைக்கு விட என்றால் சூப்பர்சார்ஜர் இல்லாத ஃபோர்-ஸ்ட்ரோக், யமஹா விஎக்ஸ் போல. டூ-ஸ்ட்ரோக்குக்கு, சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் கொண்டுபோங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். கம்ப்யூட்டர் வண்டிக்கு டிப்ஸ்டிக்கும் சாவியும் பாருங்கள். சீ-டூவில் சாவிக்குள்ளேயே ஒரு ரகசிய எண் இருக்கிறது, அது ஈசிஎம்மோடு பொருந்தினால்தான் ஸ்டார்ட் ஆகும், தொலைத்தால் லேப்டாப்பில்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். சாவி ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றுக்கான செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.