எண்ணெய் பிரிய வேண்டுமா, கூடாதா? மலாய்ச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த இறைச்சி), மாசாக் லெமாக் (தேங்காய்ப்பால் குழம்பு), லக்சா (சாறூற்றிய நூடுல்ஸ்), ரொட்டி சானாய் (வீச்சுப் பரோட்டா) எதுவும் மலேசியாவில் விருந்துக்கென்று ஒதுக்கி வைத்த உணவு அல்ல. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லோரும் அன்றாடம் சாப்பிடுபவை. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் இடம்பெறும் மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல இனத்தவர் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பு மிகவும் பொருத்தமானது.

இவற்றைச் சமைக்கும் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேங்காய்ப்பால், மிளகாய், மஞ்சள், புளி, சின்ன வெங்காயம் எல்லாமே நமக்குப் பழகிய பொருள்கள். அதனால் குழம்பு வைக்கும் கைப்பழக்கத்தோடு அடுப்படியில் இறங்கிவிடுகிறோம். ருசி கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வோர் உணவையும் தொடங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் நின்றுவிடும்: இதில் எண்ணெய் பிரிய வேண்டுமா, பிரியக் கூடாதா?

பிரிய வேண்டியதற்கு முதல் எடுத்துக்காட்டு சம்பால். நாசி லெமாக்கின் உயிர் சோற்றில் பாதி, சம்பாலில் பாதி. காய்ந்த மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் பசை) சேர்த்து அரைத்து எண்ணெயில் வதக்குகிறார்கள். பச்சை வாசனை போனதும் நம் கை தண்ணீர்ச் செம்பைத் தேடும். அதுதான் தவறு. விழுது நிறம் கறுத்து, எண்ணெய் தனியாக மேலே மிதந்து வரும்வரை சிறுதீயில் கிளற வேண்டும். மலாய் வீடுகளில் இந்தக் கட்டத்தை ‘பெச்சா மின்யாக்’ என்பார்கள். அதற்கு முன்னால் புளிக்கரைசலையும் சர்க்கரையையும் ஊற்றிவிட்டால் மிளகாய் வேகாமல் நின்றுபோகும். சாப்பிட்ட பிறகு வயிறு எரியும். எண்ணெயைக் குறைத்துச் சமைக்க விரும்புகிறவர்களும் வதக்கும்போது தாராளமாகவே ஊற்றட்டும். பிரிந்து வந்த எண்ணெயைப் பிறகு கரண்டியால் எடுத்துவிடலாம். தொடக்கத்திலேயே குறைத்தால் விழுது அடிப்பிடித்துக் கசக்கும்.

இனிப்பைக் கண்டு தயங்குவதும் வழக்கமான தவறு. நாசி லெமாக் சம்பாலில் காரம், புளிப்பு, உப்பு, இனிப்பு நான்கும் தெரிய வேண்டும். சர்க்கரையோ பனைவெல்லமான குலா மெலாக்காவோ போடாவிட்டால் அது மிளகாய்த் துவையலாகிவிடும். உப்பில் மட்டும் அவசரம் வேண்டாம். பெலாச்சானிலும் நெத்திலிக் கருவாட்டிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அடங்கிய பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்.

சோற்றுக்கு வருவோம். தேங்காய்ப்பால் சோறு என்றதும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அது நாசி லெமாக் ஆகாது. அதற்கு வேண்டிய வாசனை முடிச்சுப் போட்ட பாண்டான் இலையிலும் (இலங்கையில் ரம்பை) ஒரு துண்டு இஞ்சியிலும் இருக்கிறது, அவ்வளவே போதும். கெட்டிப்பாலில் முதலிலிருந்தே அரிசியை வேகவைத்தால் அடி கருகி, மேல் அரிசி விறைத்து நிற்கும். இரண்டாம் பாலில் பச்சரிசியை வேகவைத்து, நீர் வற்றும் நேரத்தில் கெட்டிப்பாலைச் சுற்றி ஊற்றி, மெதுவாகக் கிளறி மூடி வையுங்கள். புழுங்கலரிசிக்கு இது ஒத்துவராது. தேங்காய்ப்பால் சோறு வெப்பநாளில் விரைவில் ஊசிப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் செய்ததை மாலைவரை வெளியே வைத்திருக்காதீர்கள்.

எண்ணெய் பிரியவே கூடாத உணவு மாசாக் லெமாக் சிலி அப்பி. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பெருமை இது. சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் கைமணம் அந்த மாநிலச் சமையலில் இன்றும் இருக்கிறது. ஊசிபோன்ற சின்ன மிளகாயையும் பச்சை மஞ்சள் கிழங்கையும் இடித்து, தேங்காய்ப்பாலில் கரைத்து, தட்டிய எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை, மீனோ கோழியோ சேர்த்துக் காய்ச்சுவார்கள். இங்கே தாளிப்பு கிடையாது, வதக்குவதும் இல்லை. ஊர்ச்சுவையில் பிடிவாதமானவர்கள் வெங்காயம்கூடப் போடமாட்டார்கள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் சொதியின் பக்கம் போய்விடும். சொதி அருமையான உணவுதான், ஆனால் இது வேறு. தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் பால் திரிந்து, தண்ணீரும் திட்டுத்திட்டான கொழுப்புமாகப் பிரிந்துவிடும். முதல் கொதி வரும்வரை கரண்டியை நிறுத்தாதீர்கள், மூடியும் போடாதீர்கள். புளிப்புக்கு அசாம் கெப்பிங் (காய்ந்த புளிப்புப் பழத் துண்டு) போடுவதைப் பால் கொதி கண்டபிறகு வைத்துக்கொள்வது நல்லது. அது கிடைக்காத ஊரில் கேரளத்துக் குடம்புளி அதற்கு நெருங்கிய உறவு. அளவாகப் போட்டால் ஏமாற்றாது.

அதே தேங்காய்ப்பால் ரெண்டாங்கில் நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். அங்கே பால் வற்றி, எண்ணெயாகி, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட வேண்டும். மாட்டிறைச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆட்டிறைச்சியிலும் முற்றிய கோழியிலும் செய்யலாம். குக்கரில் நான்கு விசில் விட்டு இறக்கினால் இறைச்சி வெந்திருக்கும், ரெண்டாங் ஆகியிருக்காது. கையில் இருப்பது தேங்காய்ப்பால் கறி. குழம்பு கெட்டியானதும் “போதும்” என்று தோன்றும் இடத்தில்தான் ரெண்டாங் பாதி வழியில் இருக்கிறது. அங்கிருந்து கிளறல் கூட வேண்டும், தீ குறைய வேண்டும்.

கெரிசெக்கைத் தவிர்ப்பது அடுத்த தவறு. துருவிய தேங்காயை எண்ணெயில்லாமல் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்தால் அது தன் எண்ணெயைக் கக்கி விழுதாகும். அதுதான் கெரிசெக். பச்சைத் தேங்காய் அரைத்துவிட்டால் ஈடாகாது. வறுத்த துருவலை அப்படியே தூவினாலும் நாக்கில் சக்கையாகத் தட்டும்.

ரெண்டாங்கில் மொறுமொறுப்பைத் தேடவும் கூடாது. 2018-இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் போட்டியில் நாசி லெமாக்கோடு பரிமாறப்பட்ட கோழி ரெண்டாங்கைப் பார்த்து, தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை கூறினார். பல செய்திகளில் ஒத்துப்போகாத மலேசியர்களும் இந்தோனேசியர்களும் சிங்கப்பூரர்களும் அன்று ஒரே குரலில் மறுத்தார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. மணிக்கணக்கில் பாலில் வேகும் இறைச்சி மெத்தென்றுதான் இருக்கும். அதுவே அதன் அழகு.

மாற்றுப்பொருளிலும் கவனம் வேண்டும். லெங்குவாஸ் என்பது நம் நாட்டுமருந்துக் கடைப் பேரரத்தை. பார்க்க இஞ்சிபோல் இருப்பதால் அதற்குப் பதில் இஞ்சியைக் கூட்டிப் போடுகிறார்கள், வாசனை திசைமாறிவிடுகிறது. கிழங்கு பச்சையாகக் கிடைக்காவிட்டால் காய்ந்ததை ஊறவைத்துச் சேருங்கள். எலுமிச்சைப்புல்லுக்கு எலுமிச்சைச் சாறு மாற்றே அல்ல. புல்லின் அடிப்பகுதி வெண்தண்டைத் தட்டிப் போட வேண்டும். மேலே இருக்கும் பச்சைத்தாள் அரைபடாமல் நாராக நிற்கும். மஞ்சள் இலை, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொங்கல் வேளையில் மஞ்சள் கொத்தோடு வந்துவிடும்.

மலாய்க் கறிக்கு மசாலாத்தூளை எண்ணெயில் நேராகக் கொட்டாதீர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து, வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து, இங்கும் எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். மீனுக்கும் இறைச்சிக்கும் தூள் தனித்தனி.

லக்சா என்றதும் தேங்காய்ப்பால் என்று முடிவுகட்டுவதும் பிழை. பினாங்கு அசாம் லக்சாவில் ஒரு துளி தேங்காய்ப்பால் கிடையாது. மீன்சாறு, புளி, டவுன் கெசோம் என்னும் வாசனை இலை, புங்கா கந்தான் என்னும் இஞ்சி வகைப் பூவின் மொட்டு, மேலே ஒரு கரண்டி கெட்டி இறால் பசை, அவ்வளவுதான். பால் ஊற்றுவது கறி லக்சாவுக்கு. ரொட்டி சானாய் மாவை எண்ணெய் பூசிப் பல மணி நேரம் ஊறவிடாமல் வீசினால் கிழியும். சுட்டவுடன் இரு கையாலும் அடித்து மடிப்பை விடுவிக்காவிட்டால் தட்டையாகிவிடும்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் சுமந்து விற்ற சோறும் கறியும்தான் நாசி கண்டார் ஆனது. அதில் ஒவ்வொரு கறியையும் தனிக் கிண்ணத்தில் கேட்பது அந்த உணவின் சுவையையே மறுப்பதாகும். பல குழம்புகள் ஒரே சோற்றில் கலந்து இறங்க வேண்டும். ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் எல்லாக் குழம்பும் ஊற்றப்படும். மாட்டுக்கறிக் குழம்பும் அதில் இருக்கலாம். வேண்டாதது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் மனம் கோணமாட்டார். இந்த நாட்டில் அப்படிச் சொல்வது இயல்பு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும். கீரை வதக்கல்தானே என்று வாங்கும் கங்கோங் பெலாச்சானில் இறால் இருக்கிறது. காய்கறிகள் மிதக்கும் சாயூர் லொடேயில் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள். “காய்கறி மட்டும்” என்று சொன்னால் போதாது. பெலாச்சான், ஊடாங் கெரிங் (காய்ந்த இறால்), ஐக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) மூன்றையும் பெயர் சொல்லி, இவை இல்லாமல் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு மலாய் நண்பர்களை அழைக்கும்போது இதே அக்கறை நம் பக்கமும் இருக்க வேண்டும். இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதா, பாத்திரம் எதற்குப் புழங்கியது என்பதை அவர்கள் கேட்கும்முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாகச் சம்பால் பெலாச்சான். வல்லாரை, ஊலாம் ராஜா போன்ற பச்சை இலைகளோடு தொட்டுக்கொள்வதற்கானது. இதை வதக்கக் கூடாது. பெலாச்சானை மட்டும் தணலிலோ வெறும் சட்டியிலோ மணம் வரும்வரை சுட்டு, பச்சையான பழமிளகாயோடு உரலில் இடியுங்கள். மிக்ஸியில் அடித்தால் நீர்த்துப்போகும். லிமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சையைச் சாப்பிட உட்காரும்போது பிழிந்தால் போதும்.